மிஸ்டர் புன்னாகன்

பிள்ளைக்குத் தகப்பன் பெயர் வருவதுதான் உலக வழக்கம். எங்கள் வீட்டில் தகப்பனுக்குப் பிள்ளையின் பெயர் வந்து சேர்ந்தது. பழவேற்காட்டுக் கோட்டை ஒல்லாந்தர் கையிலிருந்து இங்கிலீஷ்காரர் கைக்கு மாறியபோது, எந்தக் குடிசையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுத ஒரு ரைட்டர் எங்கள் குப்பத்துக்கு வந்தார். ஆளுக்கு ஒரு பெயர், குடும்பத்துக்கு ஒரு பெயர் என்று இரண்டு கேட்டார். குடும்பத்துக்கு எதற்குப் பெயர், நாங்கள் என்ன தொலைந்தா போகிறோம் என்று நைனா விழித்துக்கொண்டு நின்றார். குறுக்கே ஓடிய என் தம்பியின் பெயரைக் கேட்டார் ரைட்டர். "புன்னாகன்" என்றாள் அத்தை. அவருக்கு அது பிடித்துவிட்டது. நைனா, அம்மா, நான், அத்தை என்று எல்லார் பெயருக்குப் பின்னாலும் அதையே ஒட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இங்கிலீஷ் காகிதத்தில் என் நைனா மிஸ்டர் புன்னாகன்.

தம்பிக்கே அது இரவல் பெயர்தான். சயாம் தேசத்திலிருந்து வந்தது.

எனக்குப் பின் பிறந்த இரண்டு குழந்தைகளும் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. ஆகவே தம்பி பிறந்த அன்று அம்மா முகத்துவாரத்தை நம்பினாள். ஏரி கடலில் சேரும் அந்த இடத்தில் அலை படகைப் புரட்டிப் போட்டுவிடும். அதைத் தாண்டி உயிரோடு கரையேறி வரும் வெளியூர்க்காரரின் பெயரை அன்று பிறக்கும் பிள்ளைக்கு வைத்தால், பிள்ளை தங்கும் என்பது எங்கள் குப்பத்தின் நம்பிக்கை. அவரைப் பெற்றவள் வைத்த பெயராக இருக்க வேண்டும். அவரே பிள்ளையின் காதில் சொல்ல வேண்டும். அதுவும் அவர் திரும்பிப் படகேறுவதற்குள் நடக்க வேண்டும்.

அன்று காலை மாமா அலை தாண்டும் தன் மசூலாப் படகில் கரைக்கு ஏற்றி வந்தவர் ஒரு சயாம் பிரபு. அவர்கள் அரண்மனைக்குச் சாயத்துணி வாங்க வந்த கப்பல் கடலில் நின்றிருந்தது. பட்டு உடுத்திய பெரிய மனிதர். அவர் பின்னால் வெற்றிலைப் பெட்டியோடு ஒரு வேலைக்காரன் குனிந்தபடியே நடந்தான். பேச்சை மொழிபெயர்க்க எங்கள் ஊர் துபாசி பாய். கோட்டையில் வேலையை முடித்துக்கொண்டு உச்சிப்பொழுதில் அவர்கள் படகுக்குத் திரும்பியபோது, அத்தை பச்சைப் பிள்ளையோடு மணலில் வழிமறித்தாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது எட்டு வயது.

"பாய், அவரு பேரு இன்னானு கேளு."

துபாசி கேட்டுச் சொன்ன பெயர் நங்கூரக் கயிறு நீளத்துக்கு இருந்தது. அத்தை பாதியிலேயே கையை ஆட்டினாள்.

"அது ராஜா குடுத்த பேரு. பெத்தவ வெச்ச பேரு இன்னா?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா. அவங்க ஊர்ல பட்டம் வந்தா பழைய பேரு போயிடும். அப்புறம் பெத்தவளத் தவிர ஒருத்தரும் அத்தச் சொல்லிக் கூப்புட மாட்டாங்க."

"அப்போ படகு போவாது" என்றாள் அத்தை. மாமா துடுப்பை மணலில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நீர் வடிந்தால் முகத்துவாரம் தாண்ட முடியாது என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

குடிசை வாசலில் அம்மா கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை பெற்ற அன்று எழுந்து நிற்கக் கூடாது. அவள் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ரெண்ட மண்ணுல வெச்சுட்டேன்னு சொல்லு, பாய்" என்றாள்.

துபாசி சொன்னார். சயாம்காரர் அம்மாவையே வெகுநேரம் பார்த்தார். பிறகு பட்டு மணலில் புரள மண்டியிட்டு, தம்பியின் காதில் மூன்று முறை மெல்லச் சொன்னார்: "புன்னாக்."

அது அவர்கள் ஊரில் ஒரு மரமாம். வெள்ளைப் பூ, நடுவில் பொன் நிறம் என்று விரலால் காட்டினார். "அட, நம்ம புன்னை!" என்று அத்தை படகு கட்டியிருந்த மரத்திலிருந்து ஒரு பூவைப் பறித்துக் கொடுத்தாள். முகர்ந்து பார்த்து இல்லையென்று தலையாட்டியவர், அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்து ஆமென்றும் ஆட்டிவைத்தார். அவருடைய மரம் நீரில் மூழ்குகிற கனமுள்ள நாகமரம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எங்கள் புன்னையோ படகாக மிதக்கும். குப்பத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வாய்க்கு அது புன்னாகன் ஆயிற்று. பெண்கள், பிள்ளைகள், நண்டு பிடித்துவிட்டு வந்தவர்கள் என்று எல்லாரும் தம்பியைச் சூழ்ந்துகொண்டு "புன்னாகா! டேய் புன்னாகா!" என்று கூவினோம். வெற்றிலைப் பெட்டிக்காரன் இடி விழுந்தவன் மாதிரி நெற்றியை மணலில் பதித்துக்கொண்டான். அதைப் பார்த்து இன்னும் உரக்கக் கத்தினோம். படகேற வேண்டிய பெரிய மனிதரோ புன்னை நிழலில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு கூவலுக்கும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"தண்ணி வடியுது, கெளம்பச் சொல்லு" என்று இப்போது மாமா பறந்தார்.

சயாம்காரர் என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். "இன்னொரு தபா கூப்புடச் சொல்றாரு" என்றார் துபாசி.

அடிவயிற்றிலிருந்து கூவினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தன் மொழியில் சின்னதாக ஏதோ பதில் சொன்னார். மறுபடியும் ஒரு விரல். மறுபடியும் கூவினேன். படகில் ஏறிய பிறகும் விரல் காட்டினார். அலைச் சத்தத்தில் என் குரல் போகாத தூரம் வரைக்கும் கரையோரம் ஓடி ஓடிக் கூவினேன்.

அந்தச் சயாம் பிரபுவுக்குக் காது மந்தம் என்று ஒரு வாரம் குப்பமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவருடைய அம்மா செத்துப்போன பிறகு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது நாங்கள்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.