முன்ஜாமீனுக்குக் காத்திருந்த நான்கு நாட்கள்

முன்ஜாமீன் என்ற சொல்லை நான் கற்றது, கடல் கடந்து எங்கள் ஊருக்கு வரும் தமிழ்நாட்டு வார இதழ்களில். யாராவது பெரிய மனிதர் வழக்கில் சிக்கினால், போலீஸ் வருவதற்குள் வக்கீல் அதை வாங்கிவிடுவார். எல்லா ஊரிலும் சட்டம் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் இறுதி. எங்கள் தீவில், பாயான் பாருவில் இருந்த மின்னணுத் தொழிற்சாலையில் என் மகள் வேலை பார்த்தாள். அவள் பிரிவில் ஒரு பெட்டி சிப்புகள் காணாமல் போயின. சரக்கை வெளியே விடும் தாளில் அவளும் இன்னொரு பெண்ணும் கையெழுத்திட்டிருந்தார்கள். மேலாளர் சொல்லித்தான் போட்டோம் என்றாள். நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

போலீஸ் கெலுகோரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் காய்கறி வாங்க பசாருக்குப் போயிருந்தாள். வந்ததும் நிலையத்துக்கு அனுப்பச் சொன்னார்கள்.

"போய்ட்டு வந்துர்றேம்மா. நான் ஒண்ணும் செய்யல லா."

"ஒரு ராத்திரிகூட நீ லாக்கப்ல இருக்கக் கூடாது. வக்கீலப் பாத்துட்டுப் போலாம்."

அன்றே ஃபெரியில் அக்கரைக்குக் கூட்டிப்போய் பாகான் டாலாமில் என் தங்கை வீட்டில் விட்டேன். பெருநாள் விடுமுறை, வக்கீல் அலுவலகங்கள் மூடியிருந்தன. நான்காம் நாள்தான் வக்கீலைப் பார்க்க முடிந்தது.

"முன்ஜாமீன் வேணும் சார்."

"எந்தப் புத்தகத்துல படிச்சீங்கம்மா? அது இந்தியாவுல. இங்க அந்தச் சட்டமே இல்ல. பிடிக்காத ஆளுக்கு எதுக்கு ஜாமீன்னு கேப்பாங்க. பொண்ணு வீட்லதானே இருக்கு?"

தங்கை வீட்டில் விட்டிருப்பதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அவரே எங்களுடன் நிலையத்துக்கு வந்தார். கூப்பிட்டால் கோர்ட்டுக்கு வருவாளா, சாட்சிகளைக் கலைப்பாளா, மாஜிஸ்திரேட் முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான் என்றார்.

விசாரணைக் காவல் முடிந்து இரு பெண்களையும் மாஜிஸ்திரேட் முன் ஒன்றாக நிறுத்தினார்கள். மற்றவளை அவள் அப்பா முதல் நாளே நிலையத்தில் ஒப்படைத்திருந்தார். அவளுக்கு ஜாமீன் கிடைத்தது. என் மகளைப் பற்றி அரசுத் தரப்பு ஒரே வரிதான் சொன்னது: நான்கு நாள் தலைமறைவு. அது தாயின் அறியாமை என்றார் எங்கள் வக்கீல். தாய்க்கு என்ன வேலை என்று மாஜிஸ்திரேட் கேட்டார். பள்ளி ஆசிரியை. ஜாமீன் இல்லை.

கீழே லாக்கப்புக்குக் கொண்டுபோகும்போது என் பக்கமாக வந்தாள். "அன்னிக்கே போறேன்னு சொன்னேனேம்மா."

உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைக்க மூன்று வாரம் ஆனது. பிறகு வழக்கிலிருந்தே விடுவித்தார்கள். அதைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை. ஆனால் வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும், நான் எழுவதற்குள் அவளே போய்க் கதவைத் திறந்துவிடுகிறாள்.