நாலாவது மூலை

பெரியப்பா வாயைத் திறந்தால்தான் எடை நகரும் என்பார்கள். கனமான இயந்திரங்களை மாடிப்படியில் ஏற்றி இறக்கும் கூட்டத்துக்கு அவர்தான் குரல் கொடுப்பவர். தூக்குவதற்கு முன், நான்கு மூலையிலும் நிற்பவர்களைப் பட்டப்பெயர் சொல்லி ராகமாகக் கூப்பிடுவார். நான்கு பேரும் பதில் சொன்ன பிறகே "தூக்கு" என்பார்.

நாலாவது மூலை என் அப்பாவுடையது. எதற்கும் மெதுவாகத்தான் பதில் சொல்வார். அதனால் பெயர் ஆமை. ஆறு வருடங்களுக்கு முன் ஓர் அச்சகப் படிக்கட்டில், முதலாளி அவசரப்படுத்த, பெரியப்பா அந்தப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அப்பா கயிற்றைத் தோளில் மாட்டுவதற்குள் இயந்திரம் அவர் பக்கம் சாய்ந்தது. அப்பா பிழைக்கவில்லை. அன்றோடு பெரியப்பா கூப்பிடுவதை விட்டார். கூட்டம் விசில் ஊதி வேலை பார்த்தது.

இந்த வருடம் அரசின் பாரம்பரியப் பட்டியலில் தொழில் பாட்டுகளையும் சேர்ப்பதாகச் சுமைதூக்குவோர் சங்கத்துக்குக் கடிதம் வந்தது. குடும்பத்தார் உட்பட எல்லோரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், ஒலிப்பதிவும் வேண்டும். படிவத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நான்தான் நிரப்பினேன். 'இடைவிடாமல் வழக்கத்தில் உள்ளதா?' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

பெரியப்பா கூப்பிட முடியாது என்றார்.

"ஏன்யா, எல்லாரும் உன் குரலுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறோம், நீ கல்யாணப் பொண்ணு மாதிரி தலையக் குனியிறியே!" என்றார் முதல் மூலைக்காரர் மூக்கன்.

பெரியப்பா என் அம்மாவைப் பார்த்தார். அம்மா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"கூப்பிடுங்க மாமா. நீங்க வாய மூடிக்கிட்டதால அவரு ஒண்ணும் எந்திரிச்சு வரல."

சங்கக் கிடங்கில், நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்க, ஓர் இரும்பு அலமாரியைச் சுற்றி நால்வரும் குனிந்து நின்றார்கள். அப்பாவின் இடத்தில் வாத்தியார் என்று பட்டப்பெயர் வைத்த புது ஆள்.

"மூக்கா!"

"இருக்கேன்!"

"கட்டை!"

"இருக்கேன்!"

"சோடா!"

"இருக்கேன்!"

"ஆமை!"

வாத்தியார் பெரியப்பாவை நிமிர்ந்து பார்த்தார். பதிவு செய்ய வந்த பெண், "பேரு மாறிடுச்சு போல ஐயா. இன்னொரு தடவை?" என்றார். இரண்டாம் தடவையும் பெரியப்பா ஆமை என்றே கூப்பிட்டார். மூன்றாம் தடவை வாத்தியார் மெதுவாக, "இருக்கேண்ணே" என்றார்.

"நீ இல்லடா. அவன் லேட்டாத்தான் சொல்லுவான். இரு."

அம்மா வெளியே போய்விட்டார். நால்வரும் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார்கள். மூக்கன்தான் முதலில் கையை எடுத்தார்.

பதிவு முழுமையாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதில் 'தூக்கு' என்ற சொல் இல்லை. திங்கட்கிழமை கூட்டம் விசிலோடு வேலைக்குப் போனது.