மூன்றாவது வளைவு

இது நடந்தது. என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு பெரிய பொய் சொல்லியிருக்கிறேன். அது இந்தக் கதையின் கடைசியில் வரும். மற்றதெல்லாம் நிஜம். பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்கு வந்தது பட்டப்பகலில், அக்கினி நட்சத்திர வெயிலில், பன்னிரண்டு மணிக்கு.

என் பெயர் எம்பார். திருவள்ளூர்க்காரன். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் கோயில் கைங்கரியம். நான் ஒருவன்தான் எஞ்சினும் கிரீஸுமாகப் போனேன். சோழவரத்தில் கார் ரேஸ் நடக்கும்போதெல்லாம் டயர் மாற்றிக் கொடுக்கப் போவேன். அங்கேதான் 1973-ல் முதன்முதலாகக் கோ-கார்ட்டைப் பார்த்தேன். நான்கு சின்னச் சக்கரம், இரும்புக் குழாயில் ஒரு சட்டம், உட்கார ஒரு தகடு, முதுகுக்குப் பின்னால் எஞ்சின். தரையை ஒட்டிக்கொண்டு பறந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வரிசையில் நின்றார்கள். இதற்கென்றே ஒரு டிராக் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எனக்குப் பட்டது. பட்டதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

கவரைப்பேட்டையில் எங்களுக்குக் கொஞ்சம் நன்செய் இருந்தது. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இன்னும் நிறையத் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. இடம் பிரமாதம். ஆனால் அந்த நிலத்தைப் பத்தொன்பது வருஷமாகக் கலியன் என்பவன் குத்தகைக்குப் பயிர் செய்துகொண்டிருந்தான். எழுதப்படிக்கத் தெரியாதவன். 1975 தை அறுப்பு முடிந்ததும், குத்தகையை விட்டுக்கொடுத்ததாக நான் எழுதி நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தான். என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. மறுநாள் சரியாகிவிட்டது.

ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"கெணத்துல கீற ஃபுட் வால்வு என்னுது சாமி. நானு வாங்கிப் போட்டது. கயட்டிக்கினு போய்டறேன்."

பம்ப் குழாயின் அடி முனையில், தண்ணீருக்குள் மாட்டியிருக்கும் பித்தளை வால்வு அது.

"புதன்கிழமைக்குள்ள எடுத்துண்டு போ" என்றேன்.

கிணறு நாற்பதடி ஆழம். டிராக்கின் மூன்றாவது வளைவு சரியாக அதன் மேல்தான் வந்தது. தூர்த்தே ஆக வேண்டும். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் பட்டறைகளில் கழிவாகக் கொட்டும் கசடு லாரி லாரியாகக் கிடைத்தது. அப்பாவிடம் நாள் கேட்டேன். பஞ்சாங்கம் பார்த்து, புதன்கிழமை காலையில் ஆரம்பி, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்கு முன் முதல் லோடு விழுந்துவிட வேண்டும் என்றார்.

1975, பிப்ரவரி 12. புதன்கிழமை.

லாரி வந்ததே தாமதம். 11:50. டிரைவர் சாலமோன் ரிவர்ஸில் வந்து கிணற்றங்கரையில் நிறுத்தினான். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றைத் தூர்ப்பதற்கு முன்னால் உள்ளே குனிந்து மூன்று தடவை குரல் கொடுப்பார்கள். ஆளோ ஆடோ இருந்தால் தெரிந்துவிடும். வேறு ஏதாவது இருந்தால் கிளம்பிப் போய்விடும்.

"கொரல் குடுத்துட்டு கொட்லாம் சார்" என்றான் சாலமோன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். 11:55.

"ராகு காலம் வந்துடும். கொட்டு."

அவன் கொஞ்சம் தயங்கினான். அந்த அமைதியில் கிணற்றுக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. பம்ப் குழாய் வெயிலில் விரிகிறது என்று நினைத்தேன். சாலமோன் வண்டியைக் கிளப்பினான். ஒரு லாரிக் கசடும் ஒரே சரிவில் உள்ளே போனது. பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிஷம் இருந்தது. எனக்கு அப்படி ஒரு திருப்தி.

12:30-க்குக் கலியன் பெண்சாதி கெங்கம்மாள் தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எங்கூட்டுக்காரரு எங்க சாமி?"

"கார்த்தாலயே வால்வைக் கழட்டிண்டு போயிருப்பான்."

நான் அதை நம்பித்தான் சொன்னேன். அவளும் நம்பினாள். சாயங்காலத்துக்குள் இன்னும் ஆறு லோடு விழுந்தது.

கலியன் வீடு திரும்பவில்லை. நிலம் போன வருத்தத்தில் நாயுடுபேட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அங்கே போய்க் கேட்டதில் வரவில்லை என்றார்கள். அப்படியானால் வேறெங்கோ போயிருக்கிறான் என்றார்கள். நானும் அதையே சொன்னேன். எனக்கு ஆயிரம் வேலை இருந்தது. ஏப்ரலில் தார் போட்டேன். வளைவுகளில் பழைய லாரி டயர்களை அடுக்கினேன். பழைய ஸ்கூட்டர் எஞ்சின்களை வைத்து ஆறு கார்ட் செய்தோம். எனக்கு மெக்கானிக்காக வந்தவன் ஜெயராஜ், நல்ல கைக்காரன். ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். மெட்ராஸிலிருந்து கார்களில் வந்தார்கள். அந்த ஒரு மாதம் நான் தரையில் நடக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

நாலாம் நம்பர் கார்ட் மூன்றாவது வளைவில் நின்றது. தள்ளிக்கொண்டு வந்து மிதித்தால் உடனே கிளம்பியது. அடுத்த வாரம் இரண்டாம் நம்பர். அதே இடம். பிளக், பெட்ரோல், காயில் எல்லாம் சரியாக இருந்தன. ஜெயராஜ்தான் முதலில் கண்டுபிடித்தான்.

"புதன்கெயமைல மட்டும் நிக்குது சார். பன்னெண்டு மணி சுமாருக்கு. இன்னா பேஜாரு இது?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அடுத்த புதன்கிழமை என்னை அந்த வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போய், தாரில் காதை வைக்கச் சொன்னான். மண்டி போட்டு வைத்தேன். மணி 11:57.

டக்... டக்... டக்.

மிக ஆழத்திலிருந்து. இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம். மூன்று தடவை. அப்புறம் ஒன்றுமில்லை.

"கசடு இறுகறதுடா" என்றேன்.

ஆடி போய், ஆவணி போய், ஐப்பசி மழையும் வந்தது. சத்தம் நிற்கவில்லை. தீபாவளி சமயத்தில் மண்டி போடாமல் குனிந்தாலே கேட்டது. பொங்கலுக்கு நின்றுகொண்டே கேட்டேன். மாசியில் கார்ட்டில் உட்கார்ந்திருந்தால் தகடு வழியாக முதுகுத்தண்டில் அதிர்ந்தது.

சத்தம் பெரிதாகவில்லை. கிட்டே வந்துகொண்டிருந்தது.

கெங்கம்மாள் மட்டும் தினம் மத்தியானம் வருவாள். டயர் அடுக்கின் ஓரத்தில் தூக்கோடு உட்காருவாள். யாரையும் தொந்தரவு செய்யமாட்டாள். ஒரு மணிக்கு எழுந்து போய்விடுவாள். வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் கேட்டாள்.

"உங்களுக்கும் கேக்குதா சாமி?"

"என்னது?"

அவள் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பங்குனியில் ஜெயராஜ் கணக்கைத் தீர்த்துக்கொண்டு போய்விட்டான். மெட்ராஸ்காரர்கள் வருவதும் நின்றுவிட்டது. மூன்றாவது வளைவில் வண்டி நிற்கிற டிராக்குக்கு யார் வருவார்கள்? அப்பாவின் மோதிரத்திலிருந்து எல்லாம் போட்டாகிவிட்டது. எனக்கு ஆத்திரம். கலியன்மேல்கூட ஆத்திரம். எங்கேயோ சுகமாக உட்கார்ந்துகொண்டு பெண்டாட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனானே என்று.

1976, மே 5. புதன்கிழமை. அக்கினி நட்சத்திரம் பிறந்த மறுநாள்.

டிராக்கில் நான் மட்டும். கெங்கம்மாளும் இன்னும் வரவில்லை. இன்றைக்கு ஓட்டியே தீருவது என்று நாலாம் நம்பரைக் கிளப்பினேன்.

முதல் வளைவு. இரண்டாவது வளைவு.

மூன்றாவதில் எஞ்சின் நின்றது. 11:55.

இறங்கினேன். கால் வழுக்கியது.

தார் ஈரமாக இருந்தது.

மற்ற இடமெல்லாம் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிறது. இங்கே மட்டும் ஈரம். வட்டமாக. கிணற்றின் வாய் அளவுக்கு.

ஈரத்துக்கு வெளியே வர அடி எடுத்து வைத்தேன்.

டக்.

என் உள்ளங்காலுக்கு நேர் கீழே.

டக்... டக்... டக்... டக்...

இன்றைக்கு மூன்றோடு நிற்கவில்லை.

தார் அதிர்ந்தது. டயர் அடுக்கு அதிர்ந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அந்த முதல் 'டக்'. புதன்கிழமைக்குள் எடுத்துக்கொள் என்று நான் சொன்னது. புதன்கிழமைதான் அவன் வந்திருக்கிறான்.

மண்டி போட்டேன். உள்ளங்கையைத் தாரில் வைத்தேன். ஜில்லென்று இருந்தது.

பதினைந்து மாதத்துக்கு முன் கொடுத்திருக்க வேண்டிய குரலைக் கொடுத்தேன்.

"கலியா..."

ஒரே ஒரு தடவைதான்.

சத்தம் நின்றது.

காற்றில்லை. காக்கை இல்லை.

மணி பன்னிரண்டு.

கைக்குக் கீழே, ஒரு சாண் ஆழத்தில், யாரோ மூச்சு வாங்கினார்கள்.

அப்புறம் குரல். தொண்டையில் மண் அடைத்த குரல். ஆனால் மரியாதை குறையாத அதே குரல்.

"ராவுகாலம்... முடிஞ்சிட்ச்சா சாமி?"

நான் ஓடினேன்.

கார்ட்டை விட்டு, செருப்பை விட்டு, ஸ்டேஷன் வரை வெறுங்காலில் ஓடினேன். எதிரே தூக்கோடு கெங்கம்மாள் வந்தாள். நிற்காமல் ஓடினேன். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கலாம். கடப்பாரையை எடுத்திருக்கலாம். ஆட்களையாவது கூட்டி வந்திருக்கலாம். ரயிலில் ஏறி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அந்த இடத்தை நான் மிதிக்கவில்லை. டிராக்கைப் பூட்டினேன். கார்ட்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டேன். நிலத்தை ஒரு கம்பெனிக்காரருக்கு விற்றேன். அந்த மே மாதத்துக்குப் பிறகு சத்தம் கேட்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

1978 செப்டம்பரில் கம்பெனி ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். போலீஸ் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அனுப்பியது.

ஓர் ஆளின் எலும்புக்கூடு. இடது கையில் பித்தளை ஃபுட் வால்வு. வலது கையில் ஒரு ஸ்பேனர். அதன் முனை தேய்ந்து பாதியாகியிருந்தது.

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. இரண்டு தடவை டேப் வைத்து அளந்தார். கிணறு நாற்பதடி. கசடு அடிவரைக்கும் இறுகிக் கிடந்தது. ஆனால் கலியன் கிடந்தது அடியில் அல்ல.

தாருக்கு ஒரு சாண் கீழே. கை இரண்டும் மேலே தூக்கியபடி.

"தூர்ப்பதற்கு முன் குரல் கொடுத்தீர்களா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

சாலமோன் இப்போது எந்த ஊரில் லாரி ஓட்டுகிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

"மூணு தடவை கூப்பிட்டேன் சார். பதில் இல்லை."

எழுதிக்கொண்டார். விபத்து என்று முடிந்தது.

வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் கெங்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே பேசியது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"மெய்யாலுமே கூப்ட்டீங்களா சாமி?"

"கூப்பிட்டேன்."

என் முகத்தையே பார்த்தாள். அழவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பதில் சொல்லியிருப்பாரே. நீங்க கூப்ட்டு அவரு ஒரு நாளும் பதில் சொல்லாம இருந்ததில்லியே."

சொன்னான். ஒரு தடவை கூப்பிட்டதற்கே சொன்னான். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.