நான்காம் துளையின் மரக்கட்டை

1. தோப்பிலிருந்து போன்

நான் ஜியாலஜிஸ்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் கழித்து வந்த போன் அது. வத்திராயிருப்பிலிருந்து பேச்சியம்மாள் பேசினார். முன்பு அவர் தென்னந்தோப்பில்தான் நாங்கள் செம்புத் தாது தேடித் துளை போட்டோம்.

"சார், ரெண்டு போர் போட்டும் புழுதிதான் பறக்குது. தென்னையெல்லாம் மட்டை தொங்கிருச்சு. இன்னும் ஒண்ணுதான் போட முடியும். அதுவும் பொய்ச்சுட்டா தோப்பை வெட்டிர வேண்டியதுதான். நீங்க போட்ட ஓட்டையில தண்ணி இருந்துச்சா?"

"பாத்துச் சொல்றேம்மா" என்றேன். எனக்கு ஞாபகமே இல்லை. செம்பு தேடிப் போனவன் தண்ணீரை எங்கே கவனித்தேன்!

2. மெமோ

ராஜபாளையம் வீட்டுப் பரணிலிருந்து பழைய ஃபீல்டு நோட்டை இறக்கினேன். அந்த மலையடிவாரம் முழுக்க நைஸ் என்னும் வரிவரியான கடினப் பாறை. ஊடே குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக் கல் ஓடும். அதில் பச்சைக் கறை, உடைத்தால் மஞ்சள் மினுக்கம். செம்பு இருந்தது, தோண்டி எடுக்கும் அளவுக்கு இல்லை. நான்கு துளையோடு மூட்டை கட்டிவிட்டோம்.

தண்ணீர் விட்டுத் துளைக்கும்போது உருளையாக வரும் பாறைதான் கோர். பெட்டியில் வரிசையாக அடுக்குவோம். கோர் வராத இடத்தில் மரக்கட்டை வைத்து ஆழத்தை எழுதுவோம். நான்காம் துளையில் அறுபதாவது மீட்டரில் அப்படி ஒரு கட்டை. அந்தக் குறிப்பைப் பார்த்ததும்தான் எல்லாம் ஞாபகம் வந்தது. டிரில்லர் தங்கராஜ் அன்றே சொன்னார்: "சார், உள்ள பாறை நொறுங்கிக் கெடக்கு. விடுற தண்ணியெல்லாம் உள்ளயே போயிருது, ஒரு சொட்டு திரும்பி வரல."

"சாக்கு சொல்லாதீங்க. கோர் எங்க?" என்று கத்தி, மெமோவும் கொடுத்தேன். நோட்டில் 'கோர் இல்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். என்ன திமிர் எனக்கு! அவ்வளவு தண்ணீரை இழுத்த வெடிப்பில் மழைத்தண்ணீரும் இறங்கியிருக்கலாமே.

3. சாய்வுக் கணக்கு

மறுநாள் தோப்புக்குப் போனேன். பேச்சியம்மாள் வரவழைத்த போர் லாரி, நான்காம் துளையை நாங்கள் அடைத்த பழைய சிமெண்ட் மூடிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

"இதுக்குப் பக்கத்துலயே போட்டுருவோமா சார்?"

"வேண்டாம்மா. துளை நேரா இறங்கல, மலைப்பக்கமாச் சாஞ்சு போயிருக்கு."

சாய்வு நாற்பத்தைந்து டிகிரி. அப்படி அறுபது மீட்டர் போனால், மூடியிலிருந்து நாற்பத்திரண்டு மீட்டர் தள்ளி, அதே நாற்பத்திரண்டு மீட்டர் ஆழம். டேப் பிடித்து அளந்து, சுண்ணாம்பில் புள்ளி வைத்தேன்.

"வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றேன்.

"அது தெரியும் சார். முடியிற வரைக்கும் கூட இருங்க, போதும்."

நாற்பது மீட்டரிலும் புழுதிதான். நாற்பத்து மூன்றில் ராடு சட்டென்று இறங்கியது. புழுதி அடங்கிச் சேறு வந்தது, பிறகு தண்ணீர் பீய்ச்சி அடித்தது. "ஆத்தாடி, எம்புட்டுத் தண்ணி!" என்று பேச்சியம்மாள் முழுக்க நனைந்துகொண்டே அழுதார். நானும்தான் அழுதேன், சொல்வதற்கென்ன.

செம்புப் பாறைத் தண்ணீர் என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூரில் லேபுக்குக் கொடுத்து, நல்ல தண்ணீர் என்று தெரிந்த பிறகே பாய்ச்சச் சொன்னேன். இப்போது தென்னையில் புதுக் குருத்து விட்டிருக்கிறது.

ஃபீல்டுக்குப் போகும் பிள்ளைகளே, தேடிப் போனது கிடைக்காத இடத்தில் என்ன இருந்தது என்பதையும் எழுதுங்கள். டிரில்லர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுங்கள்.

தண்ணீர் வந்த அன்று தோப்பிலிருந்தே தங்கராஜுக்குப் போன் போட்டேன். "தப்பு என்னுதுதான்யா, மன்னிச்சிரு" என்றேன்.

"எத்தனை மீட்டர்ல சார் வந்துச்சு?"

"நாப்பத்து மூணு."

"சரியாத்தான் கட்டை வச்சிருக்கேன்" என்றார்.