காயாத துரு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். என் தங்கையின் கணவருக்கு இடது காது பாதிதான் இருக்கிறது. வேண்டுமானால் வந்து பாருங்கள்.

மாப்பிள்ளைக்குப் பொய்ப்பல் செய்வது தொழில். பொழுதுபோக்கு வேறு. பெட்டியில் துண்டு துண்டாக வரும் பித்தளைத் தகடுகளைப் பற்றவைத்து, ஒன்றரைச் சாண் நீளத்தில் நீராவி எஞ்சின் செய்வார். நிஜ எஞ்சினின் படத்தை மேசைக்கு முன்னால் ஒட்டிவைத்து, கீறல், நசுங்கல் எல்லாவற்றையும் அச்சு அசலாக இறக்குவார்.

"என் மூஞ்சில மச்சம் எந்தப் பக்கம்னு கேளுண்ணா. முழிப்பாரு," என்பாள் தங்கை.

இந்த முறை படத்தில், எஞ்சினின் முன்பக்கம் பழுப்பாக ஒரு கறை இருந்தது. துரு என்று நினைத்து அப்படியே தீட்டினார். அங்கே பிடித்தது வினை.

மறுநாள் தொட்டால்... ஈரம். மூன்றாம் நாளும் ஈரம். தின்னர் போட்டுத் துடைத்தார். காலையில் கறை திரும்ப வந்திருந்தது. மேசையிலும் இரண்டு சொட்டு.

"பெயிண்ட் கெட்டுப்போச்சு," என்றார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணி. நல்ல வெயில். தங்கை சமையலறையில் இருந்தாள். மாப்பிள்ளை எஞ்சினைத் தண்டவாளத் துண்டின்மேல் வைத்துவிட்டு வண்ணம் கலக்கிக்கொண்டிருந்தார்.

டக்... டக்...

சக்கரம் சுற்றியது.

மோட்டாரை அவர் இன்னும் பொருத்தவே இல்லை.

நிறுத்தக் கை நீட்டினார். சக்கரத் தண்டு விரலைக் கவ்வி நகத்தைப் பிய்த்தது. கையை இழுப்பதற்குள் பின்னாலிருந்து அமுக்கினார்கள். முகம் மேசையில் மோதி மூக்கு உடைந்தது. கன்னம் தண்டவாளத்தில் கிடந்தது. எழ முடியவில்லை.

எஞ்சின் பின்னால் போனது. நின்றது.

வந்தது.

காதின்மேல் ஏறியது. நொறுங்கும் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்டதாம். மறுபடி பின்னால் போனது. யாரோ முடியைப் பிடித்துத் தலையைத் திருப்பினார்கள்.

இந்த முறை கழுத்து...

அலறல் கேட்டுத் தங்கை ஓடிவந்தாள். மாப்பிள்ளை தனியாகக் கவிழ்ந்து, காலை உதைத்துக்கொண்டிருந்தார். அவள் சுத்தியலை எடுத்து எஞ்சினை அடித்தாள். மேசை பிளக்கும்வரை அடித்தாள். கடைசிச் சக்கரம் தெறித்த பிறகுதான் அவரால் எழ முடிந்தது.

மருத்துவர் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உண்மைய சொல்லும்மா. அவரை அமுக்கிப் புடிச்ச ரெண்டு பேரு யாரு?"

"வீட்ல நாங்க மட்டுந்தான் டாக்டர்."

அவர் நம்பவில்லை. போலீஸ் வந்து என்னைக்கூட விசாரித்தது.

மாப்பிள்ளைக்கு அந்த எஞ்சின் படத்தை எடுத்துக் கொடுத்த அவருடைய நண்பரிடம் நானே பேசினேன். படம் எடுத்த அன்று காலை அந்த நிஜ எஞ்சினில் ஒரு தொழிலாளி சிக்கிச் செத்திருக்கிறான். கழுவுவதற்கு முன்னால் எடுத்த படமாம்.

"அவனாத்தான் தலைய வெச்சான்னு கேஸ முடிச்சுட்டாங்க," என்றார்.

மாப்பிள்ளையின் முதுகை நான் பார்த்தேன். இரண்டு தோளிலும் விரல்கள் பதிந்து கன்றிப்போயிருந்தன.

இரண்டுமே வலது கை.