பூட்டியவரும் உடைத்தவரும்

இன்று சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில், நான் வேலை செய்யும் கணினி திருத்தும் கடைக்கு ஒரு சுவிஸ்காரர் பழைய பிளொப்பி டிஸ்க்கோடு வந்தார். வீட்டுக் கணினிகள் வந்த புதிதில் அவர் எழுதி விற்ற செஸ் விளையாட்டாம்.

"ஒருக்கா ஓடவிட்டுப் பாக்கோணும்."

கடையில் கிடந்த பழைய கணினியில் போட்டேன். திறவுச்சொல் கேட்டது. அவருக்கு மறந்துவிட்டது.

"ஒருத்தரும் களவாக் கொப்பி பண்ணாமல் நான்தான் இந்தப் பூட்டைப் போட்டனான்."

இணையத்தில் தேடினேன். யாரோ எப்போதோ இதே விளையாட்டின் பூட்டை உடைத்து ஏற்றிவைத்திருந்தார்கள். திறந்தால், உடைத்தவனின் பட்டப்பெயர் பெரிதாக மின்னியது. இவருடைய பெயரைக் காணவில்லை.

எனக்குத்தான் பதறியது. அவர் சிரித்தார். "கெட்டிக்காரன்! எப்பிடி உடைச்சவன்?"

விளையாடினார். தன் புரோகிராமிடமே தோற்றுக் கைதட்டினார்.

"யூஎஸ்பியில போட்டுத் தாறன், கொண்டு போங்கோ."

அவர் முகம் மாறிவிட்டது. "களவுக் கொப்பியை நான் வீட்டுக்குக் கொண்டு போகமாட்டன்."

"நீங்கள் எழுதினதுதானே?"

"ஓம். அதாலதான்."

கதவடியில் நின்று கேட்டார்: "நாளைக்கும் வந்து விளையாடலாமோ?"

தலையாட்டிவிட்டேன். களவுக் கொப்பி இப்போது எங்கள் கடைக் கணினியில் இருக்கிறது. எழுதியவர் நல்லவர், உடைத்தவன் கெட்டிக்காரன். அப்படியென்றால் கள்ளன் நானோ?

சட்டம் தெரிந்தவர்கள் அவர் வருவதற்குள் சொல்லுங்கள்.