கொண்டை வெட்டிய நாள்

சிட்னியில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் மூன்று வருடம் கோப்பை கழுவினேன். எழுபதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் கந்தோர்க் கதிரையில் இருந்து பழகியவனுக்கு இங்கே நாள் முழுக்க நிற்கிற வேலை. பின்னேரம் ஆகும்போது இடுப்பு நாரி விட்டுப் போகும், வாயில் நல்ல வார்த்தை வராது.

எனக்குப் பக்கத்தில் நின்று தட்டு அடுக்கியவன் ஒரு யப்பான்காரன். முன்பு சுமோ மல்யுத்தம் செய்தவன். பதினைந்து வயதில் ஒரு குருவின் வீட்டில் சேர்ந்து பன்னிரண்டு வருடம் அங்கேயே கிடந்திருக்கிறான். விடிய எழும்பிப் பயிற்சி, பிறகு மூத்தவர்களுக்குச் சமையல், குருவுக்கு முதுகு தேய்ப்பு. சம்பளம் தருகிற தரத்துக்கு அவன் ஒருநாளும் ஏறவில்லை. தரத்தில் பெரியவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு பானையில் மிஞ்சுவதுதான் அவனுக்கு. முழங்கால் போனதும் வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் ஓடி, கப்பலில் சமையலுக்கு ஏறி, இங்கே இறங்கிவிட்டான்.

உடம்பு வற்றியும் பழக்கம் போகவில்லை. மத்தியானம் குசினியில் எல்லோரும் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் தட்டெடுப்பான். எங்களுக்குள் இருந்தது உடைந்த ஆங்கிலம். என் தமிழில் சொல்கிறேன்.

"இஞ்சை ஆர் உன்னை மறிக்கிறது? சாப்பிடன்" என்பேன்.

சிரிப்பான். எனக்கு எரிச்சல் வரும்.

மல்யுத்தக்காரர்களின் கொண்டையை அவன் இன்னும் தொப்பிக்குள் ஒளித்து வைத்திருந்தான். ஏனென்று கேட்டால், "இது குருவிட்டைப் போகவேண்டிய முடி. ஒருநாள் கொண்டுபோவன்" என்பான். நேர்த்திக்கடன் வைத்த முடியாக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மேற்பார்வைக்காரி, ஓரத்தில் பிதுங்குகிற முடி தொப்பிக்குள் அடங்காவிட்டால் திங்கள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேலை முடிந்ததும் அவன் கத்தரியை என்னிடம் நீட்டினான்.

"ஓரத்திலை கொஞ்சம் எடுத்துவிடு."

ஹோம்புஷில் இருக்கிற வீட்டுக்கு ரயில் பிடிக்கிற அவசரம் எனக்கு. நேர்த்தி முடியை அரைகுறையாய் வெட்டினால் குற்றம். கோயிலுக்குப் போக வசதியில்லாத காலத்தில் எங்கள் ஆட்கள் முழுதாய் எடுத்துத் துணியில் முடிந்து வைப்பார்கள், போகும்போது கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவனுக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில், கொண்டையை அடியோடு பிடித்து வெட்டினேன்.

அவன் பிடரியைத் தடவிப் பார்த்தான். கதிரையிலிருந்து எழும்பவில்லை. இருந்தபடியே சொன்னான். ஒருவன் மல்யுத்தத்தை விடும்போது தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு கத்தரி வெட்டுவார்களாம். கடைசி வெட்டு குருவுடையது. அதோடுதான் அவனுக்கு விடுதலையாம். ஓடிவந்தவனுக்கு அது கிடைக்கவில்லை. திரும்பிப் போய், குருவின் காலில் விழுந்து, அந்த ஒரு வெட்டை வாங்கவேண்டும் என்றுதான் இத்தனை வருடம் முடியைக் காத்து வைத்திருக்கிறான்.

"பரவாயில்லை. கடைசி வெட்டு வெட்டினவர்தான் குரு" என்றான்.

பிறகு அந்த முழங்காலோடு எழும்பி, எனக்கு முன்னால் இடுப்பு மடியக் குனிந்தான். நான் கத்தரியோடு நின்றேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி சோற்றைப் போட்டபடி, "ஒரு சொல்லுக் கேட்டிட்டு வெட்டியிருக்கலாமே. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றாள். அவள் சொன்னது சரிதான்.

திங்கட்கிழமை கோப்பை கழுவுகிற மெஷினில் வேலை இழுத்து, சாப்பிட நான் பிந்திவிட்டேன். மற்றவர்கள் எல்லோரும் சாப்பிட்டு எழும்பிவிட்டார்கள். அவன் மட்டும் வெறும் தட்டோடு சுவரோரம் நின்றான்.

"எல்லாரும் முடிச்சிட்டினம். நீ இன்னும் ஏன் நிக்கிறாய்?"

"நீங்கள் முதல், குரு."

யப்பானுக்குப் போகிற கதையை அவன் பிறகு எடுக்கவேயில்லை. அந்த வேலையை விடும்வரை பசி இல்லாத நாளிலும் நான் நேரத்துக்குச் சாப்பிட்டேன். நான் சாப்பிடாவிட்டால் அவன் சாப்பிடமாட்டான்.